அப்பா ஏறாத சறுக்கு

அவர் இன்ஸ்பெக்டர் என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எதற்கு இன்ஸ்பெக்டர் என்று தெரிந்ததும் மறுபடி சாய்ந்துகொள்வார்கள். ஊஞ்சல், சறுக்கு, சீசா, தொங்கி விளையாடும் கம்பிகள் என்று நகரப் பூங்காக்களில் குழந்தைகள் ஏறுகிற எதையும் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் திறக்கலாம். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ஊஞ்சலார். அதுவே நிலைத்துவிட்டது, மேலதிகாரிகூட ஒருமுறை மறந்துபோய்க் கூட்டத்தில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

தோளில் எப்போதும் ஒரு பை தொங்கும். அதில் குழந்தையின் தலையளவுக்கு ஒரு மரக்கட்டை, விரலளவுக்கு ஒரு குச்சி, நுனியில் பொத்தான் கட்டிய ஒரு கயிறு. கம்பிகளுக்கு நடுவே தலை மாட்டுமா, ஓட்டையில் விரல் சிக்குமா, சட்டைக் கயிறு எங்காவது கொக்கி போட்டுக்கொள்ளுமா என்று இவற்றை விட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் பையைக் கீழே வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்து, தானே ஏறுவார். நரைத்த தலையோடு ஒருவர் சறுக்கில் வந்து இறங்குவதைக் கண்டு பூங்காக் காவலர்கள் பலமுறை விசில் ஊதியிருக்கிறார்கள். அவர் ஏற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அவராக வைத்துக்கொண்டது அது: தான் ஏறிப் பார்க்காத எதிலும் ஒரு குழந்தையை ஏறவிடுவதில்லை.

வீட்டிலும் இதே சட்டம்தான். மகளுக்கு வயது பன்னிரண்டு, வீட்டில் பெரியவள். மகனுக்குப் பத்து, சின்னவன். இருவருக்கும் இருமல் மருந்து வாங்கினால் முதல் மூடியை அப்பா குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே கவனித்துக்கொண்டிருப்பார். பெரியவளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றும் முன், முழங்கால் தாடையில் இடிக்க, அவர் ஒரு முழு நடை போய்வந்தார். சின்னவனுக்கு வாங்கிய சக்கரக் காலணியைப் போட்டுப் பார்த்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. "காலணி நல்லாதான் இருக்கு," என்று கட்டுப் போட்ட காலை மேசைமேல் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "தடுக்கி விழுந்தது என் தப்பு."

இப்படிப்பட்டவருக்கு ஒரு மாலை பள்ளியிலிருந்து செய்தி வந்தது. வரும் சனிக்கிழமை பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுவரை, பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும். சம்மதம் உள்ள பெற்றோர் பிள்ளைகளை அழைத்துவரலாம்.

மனைவி தன் போனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"வந்திருக்கு."

"பார்த்தேன்."

"பார்த்து?"

"பார்க்கலாம்."

மனைவிக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. எந்த வண்டிக்கு யார் ஓட்டுநர், யாருக்கு எந்தத் தடம் என்று காலையில் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். ஆயிரம் சாக்குச் சொல்லிக்கொண்டு வரும் ஓட்டுநர்களை ஒரு புருவத்தால் வண்டியேற்றி அனுப்புபவர். கல்யாணமான புதிதிலேயே வீட்டையும் தடம் தடமாகப் பிரித்துவிட்டார். படிப்பு, பல், துணிமணி அவருடையது. காயம், காய்ச்சல், ஊசி கணவருடையது. ஒருவர் தடத்தில் இன்னொருவர் வண்டியை விடுவதில்லை. அதனால்தான் பதினைந்து வருடமாக மோதலில்லாமல் ஓடுகிறது என்பது அவர் கட்சி.

"ஊசி உங்க தடம்," என்றார்.

"யார் இல்லைன்னு சொன்னா?"

"பார்க்கலாம்னு சொன்னீங்களே, அதான் ஞாபகப்படுத்தினேன்."

இதில் சிரிக்க முடியாத ஒரு பகுதியும் உண்டு. முந்தைய வருடம் மனைவிக்கு ஒரு சோதனை எடுத்தார்கள். அந்த வயதுப் பெண்கள் எல்லோருக்கும் எடுப்பதுதான். முடிவில் ஏதோ சரியில்லை, மறுபடி வாருங்கள் என்றார்கள். அடுத்த முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஊஞ்சலார் மட்டும் தினமும் மாலை பால்கனிக் கம்பிகளின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். அது மாறவேயில்லை. கடைசியில் பெரிய ஆபத்தில்லாமல் முடிந்தது. கருப்பை வாயில் மாறத் தொடங்கியிருந்த செல்களைச் சின்னச் சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள், புற்றாக ஆகியிருக்கவில்லை. இந்த ஊசி தடுப்பது அதே வைரஸைத்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆக, போட வேண்டும் என்பதற்குக் காரணம் கையில் இருந்தது. வேண்டாம் என்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஏறிப் பார்க்கவில்லையே!

மறுநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். தடுப்பூசி அறையில் இருந்த நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊஞ்சலாருக்கு அது பிடித்திருந்தது.

"சிஸ்டர், இந்த எச்.பி.வி. ஊசில இதுவரைக்கும் என்னென்ன பிரச்சினை வந்திருக்கு?"

"கை வலிக்கும். ரெண்டு நாள் இருக்கலாம். சிலருக்குத் தலைவலி, லேசாக் காய்ச்சல். சில பிள்ளைங்க பயத்துல மயங்கும், அதனால போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வெப்போம். கடுமையான ஒவ்வாமை ரொம்ப ரொம்ப அபூர்வம். வந்தாலும் அதுக்கு மருந்து இந்த மேசையிலேயே இருக்கும்."

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

"என்ன சார், டயரா வாங்கப் போறீங்க?" என்றார் நர்ஸ். ஆனாலும் பதில் சொன்னார். "போட்டவங்களப் பல வருஷமாத் தொடர்ந்து பார்த்துட்டிருக்காங்க. பாதுகாப்பு நல்லா நிக்குதுன்னுதான் சொல்றாங்க."

"பையனுக்கும் போடணுமா? அவனுக்குக் கருப்பையே கிடையாதே."

"வைரஸுக்கு அது தெரியாதே சார். ஆம்பளைங்களுக்கும் வரும், அவங்ககிட்டேருந்தும் பரவும். தொண்டைல புற்று வரலாம். வேற இடத்துலயும் வரலாம்."

"வேற எந்த இடம்?"

நர்ஸ் சொன்னார். ஊஞ்சலார் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறைப் படத்தை முதல் கட்டத்திலிருந்து ஊன்றிப் படித்தார்.

படித்து முடித்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சரி சிஸ்டர். முதல்ல எனக்கு ஒண்ணு போடுங்க."

"உங்களுக்கா? வயசென்ன?"

"நாப்பத்தெட்டு."

"இது வைரஸ் உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போடணும். அதனாலதான் பிள்ளைங்களுக்குப் போடறோம். உங்க வயசுல போட்டா ஒரு பிள்ளையோட ஊசி குறையும், அவ்வளவுதான் நடக்கும்."

"நான் பலனுக்காகக் கேக்கல. எப்படி இருக்குன்னு பார்க்கத்தான்."

நர்ஸ் குளிர்பெட்டியை மூடினார். "உலகத்துல எத்தனை கோடிப் பிள்ளைங்க போட்டிருக்காங்க. அத நம்ப மாட்டீங்க. உங்க ஒரு கைய நம்புவீங்களா?"

"அந்தப் பிள்ளைங்கள எனக்குத் தெரியாதே, சிஸ்டர்."

"என் கையையாவது தெரியுதா? அதுல வேற வேலை நிறைய இருக்கு. வெளிய ஆளுங்க நிக்கறாங்க."

அவர் வீட்டுக்கு வந்து சேரும் முன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. நர்ஸின் தம்பி பணிமனையில் கண்டக்டர்.

"சட்டையக் கழட்டிட்டு உட்கார்ந்தீங்களாமே?" என்றார் மனைவி.

"கையைத்தான் மடிச்சேன்! அதுக்குள்ள கழட்டிட்டாங்களா?"

"கண்டக்டர் வாயில ஏறினா அப்படித்தான். போற வழியில ஆள் சேரும்."

ஊஞ்சலார் குரலைத் தாழ்த்தினார். "ஒரு யோசனை. இந்த ஒரு தடவை மட்டும் தடம் மாத்திக்கலாமா? ஊசிய நீ எடுத்துக்கோ. ஒரு வருஷம் பாத்திரம் நான் கழுவறேன்."

"பாத்திரம் ஏற்கெனவே உங்க தடம்தான்."

"அப்ப நீ என்ன நினைக்கறன்னாவது சொல்லு."

"நான் என்ன நினைக்கறேன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொன்னா உடனே போட்டுடுவீங்க. அப்புறம் சின்னவன் ஒரு தும்மல் போட்டாலும் என் தலையத்தான் உருட்டுவீங்க." மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டே, வேறு குரலில் சொன்னார். "இன்னொண்ணும் இருக்கு. பெரியவ எதுலயாவது ஏறணும்னா என்னைப் பார்க்க மாட்டா. உங்க முகத்தப் பார்ப்பா. நான் கூட்டிட்டுப் போனா அது அம்மா சொன்ன ஊசி. பல் தேய்க்கச் சொல்ற மாதிரி அதுவும் ஒண்ணு. நீங்க சரின்னு சொன்னாத்தான் அது அவளுக்குப் பத்திரமான ஊசி."

ஊஞ்சலார் குவியலிலிருந்து அந்தக் காலுறையின் ஜோடியை எடுத்து நீட்டினார்.

"அது எதுக்குன்னும் நீங்கதான் சொல்லணும்."

"எதுக்குன்னா... முழுசாவா?"

"அரைகுறையாச் சொல்லி ஒரு குழந்தையையாவது ஏத்தியிருக்கீங்களா?"

அவருக்கு முழி பிதுங்கியது. வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளிடம் "ஒண்ணுமில்ல, சும்மா ஏறு" என்று சொல்லாதவர் அவர். கம்பி சூடாக இருந்தால் சூடு என்பார். மேலே போனால் தலை சுற்றும் என்றால் சுற்றும் என்பார். இப்போது வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

முயற்சி செய்யாமல் இல்லை. காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "வைரஸ்ங்கறது ரொம்பச் சின்னது..." என்று ஆரம்பித்தார். பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "...அதனால கைய நல்லாக் கழுவணும்," என்று முடித்துவிட்டார். மாலையில் மறுபடி தொண்டையைச் செருமினார். சின்னவன் உடனே எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். இரண்டு நாளில் வீட்டில் சோப்பு தீர்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பூங்காவில் புதிதாக ஒரு குழாய்ச் சறுக்கு நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் நிறம். தடித்த பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று திருகாணி போட்டு முடுக்கி, நடுவில் ஒரு வளைவோடு, மேலே ஒரு வாயும் கீழே ஒரு வாயுமாக இருந்தது. கீழே விழுந்தால் அடிபடாத ரப்பர் தரை. பள்ளிக்குப் போகத் தொடங்காத குழந்தைகளுக்கானது என்பதால் குழாயும் அந்த அளவில்தான். சுற்றிலும் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு அந்தப் பக்கம் பழைய ஊஞ்சல்களில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, அவர்களுடைய அம்மாக்களும் அப்பாக்களும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளி விட்டு வந்த பெரியவளையும் சின்னவனையும் அழைத்துக்கொண்டு ஊஞ்சலார் வந்தார். சறுக்கைப் பொருத்திய வெல்டர் அங்கே காத்திருந்தார். இருவரும் பல வருடப் பழக்கம்.

ஊஞ்சலார் கட்டையை விட்டார், குச்சியை விட்டார், கயிற்றை விட்டார். ஒவ்வொரு இணைப்பையும் உள்ளங்கையால் தடவினார். மூன்று வயதுக் குழந்தையின் அளவும் எடையும் உள்ள துணிப் பொம்மையை மேலே வைத்து விட்டார்கள். அது வளைவில் திரும்பி, சொகுசாகக் கீழே வந்து உட்கார்ந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

"என்ன சார் யோசனை?" என்றார் வெல்டர். "முகமே சரியில்ல."

ஊஞ்சலார் பிள்ளைகள் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு ஊசி விஷயத்தைச் சொன்னார்.

"ஓ, அதுவா!" வெல்டர் காதருகே வந்தார். "எங்க தெருவுலகூடப் பேசிக்கிட்டாங்க. எனக்கென்னமோ பிடிக்கல சார். இந்த வயசுலயே அதுக்கு ஊசி போட்டுட்டா பிள்ளைங்களுக்குக் குளிர் விட்டுப்போயிடாது? இனிமே என்ன பண்ணினாலும் ஒண்ணும் வராதுன்னு ஆயிடும்ல?"

ஊஞ்சலாருக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டுமோ என்ற கவலையும் இப்போது சேர்ந்துகொண்டது. பையைக் கீழே வைத்தார்.

"சார், வேணாம் சார். இது குட்டிப் பசங்க அளவு. பொம்மைதான் ரெண்டு தடவை வந்துடுச்சே."

"பொம்மைக்குப் பயம்னா என்னன்னு தெரியாது," என்று சொல்லிவிட்டு ஊஞ்சலார் படியேறினார்.

காலை முன்னே நீட்டி, கைகளை மார்பின்மேல் கட்டி, விதிப்படிதான் இறங்கினார். வளைவுவரை எந்தக் குறையும் இல்லை. வளைவில் ஒரு கணம் யோசித்து, பிறகு திரும்பினார். கடைசித் துண்டு தொடங்கும் இடத்தில் இடது கை நழுவி உடம்புக்கு அடியில் போய்விட்டது. அத்தோடு சறுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

மேல்வாயில் சின்னவனின் தலை முளைத்தது. "அப்பா, வந்துட்டே இருக்கியா?"

"இல்ல."

"மாட்டிக்கிட்டியா?"

"கொஞ்சம்."

"நான் மேலேருந்து ஏறி உதைக்கட்டுமா?"

"தொடாத! யாரும் எதையும் தொடாதீங்க!"

வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை சிரித்துவிட்டு, கடைசித் துண்டைக் கழற்றத் திருப்புளியும் ஸ்பானரும் எடுத்துவர வண்டிக்கு ஓடினார். பெரியவள் கீழ்வாய் அருகில் ரப்பர் தரையில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் காலணிகளின் அடிப்பகுதி மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவருக்குத் தன் தொப்பைக்கும் காலணிக்கும் நடுவே ஒரு துண்டு ரப்பர் தரையும் அவளுடைய ஒரு முழங்காலும் தெரிந்தன.

"அப்பா, நாளைக்கு ஊசி போடப் போறோமா இல்லையா?"

இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஓடவும் வழியில்லை.

"யோசிச்சிட்டிருக்கேன்."

"என் வகுப்புல எல்லாரும் போட்டுக்கறாங்க. எதுக்கு அந்த ஊசி?"

ஊஞ்சலார் மஞ்சள் கூரையைப் பார்த்தார். மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது அது. வெயில் பட்டு உள்ளே எல்லாம் மஞ்சளாக இருந்தது. மகளின் முகம் தெரியவில்லை. தன் முகமும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தபோது, இரண்டு நாளாகச் சொல்ல வராதது வாய்க்கு வந்தது.

"ஒரு வைரஸ் இருக்கு," என்றார். "நிறையப் பேருக்கு வரும். வந்தது தெரியாமலே போயிடும். சிலருக்குப் போகாம உள்ளேயே இருந்து, பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயாகும். பொம்பளைங்களுக்குக் கருப்பை வாயில வரும். ஆம்பளைங்களுக்கும் வேற இடத்துல வரும்."

"எந்த இடம்ப்பா?" என்று மேலிருந்து சின்னவன் கேட்டான்.

ஊஞ்சலார் சொன்னார். நர்ஸ் சொன்ன அதே சொல்லைச் சொன்னார்.

"ஐயய்யோ," என்றான் சின்னவன்.

"எப்படி வரும்?" என்றாள் பெரியவள்.

"பெரியவங்களானதுக்கு அப்புறம்... ரெண்டு பேரு, ஒருத்தர ஒருத்தருக்குப் பிடிச்சு, உடம்பால நெருக்கமாகும்போது. பாலுறவுல. தோலும் தோலும் படறதுலேருந்து அது பரவும். அது தப்பான காரியம் இல்ல. அம்மா அப்பா எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா அந்த வயசு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஊசி போட்டாத்தான் முழுசா வேலை செய்யும்."

சொல்லிவிட்டார். மூச்சு வாங்கியது.

அவருக்குத் தெரியாத ஒன்று வெளியே நடந்துகொண்டிருந்தது. அந்த வடிவத்தில் உள்ள எந்தக் குழாயும் ஒலிபெருக்கிதான். கீழ்வாய் பெஞ்சுகளைப் பார்த்து விரிந்திருந்தது. ஊஞ்சல்களின் கிரீச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தது. அப்பாக்கள் போனை ஊன்றிப் பார்த்தார்கள். ஒருவரும் திரையை நகர்த்தவில்லை. ஒரு அம்மா தன் பையனின் காதைப் பொத்தப் போய், பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டார்.

"அது தெரியும்ப்பா," என்றாள் பெரியவள். "அறிவியல் டீச்சர் போன வாரமே சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்குடி என்னைக் கேட்ட?"

"உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன். நீதான் கை கழுவச் சொல்லிட்டே இருந்தியே."

குழாய்க்குள்ளிருந்து சிரிப்பு போன்ற ஒரு சத்தம் வந்தது. சிரித்தால் விலா இடித்தது. அதனால் பாதியில் நின்றது.

"அம்மாவுக்குப் போன வருஷம் வந்தது அதானே?" என்றாள் அவள். இந்தமுறை குரல் சின்னதாக இருந்தது.

யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"ஆமா. சரியாயிடுச்சு. நல்லா இருக்காங்க."

"எனக்குத் தெரியும். அப்ப நீ தினமும் பால்கனிய அளந்தே." கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் எதுக்கு யோசிக்கறே?" என்றாள்.

"நான் போட்டுப் பார்க்கலாம்னு கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க. நான் ஏறிப் பார்க்காத ஒண்ணுல உங்க ரெண்டு பேரையும் எப்படி ஏத்தறது?"

"இதுலயும் நீ முழுசா வரல. அப்ப இந்தச் சறுக்கு ஃபெயிலா?"

வேலை சம்பந்தமான கேள்விக்கு அவர் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. இணைப்புகளை நினைத்துப் பார்த்தார். பிசிறு இல்லை. வளைவு சரி. இறங்கும் உயரம் சரி. பொம்மை இரண்டு முறை வந்தது.

"இல்ல," என்றார் கடைசியில். "சறுக்கு நல்லாதான் இருக்கு. நான்தான் இதுக்குப் பெருசு."

பெரியவளின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, அவரே பார்த்துச் சரி சொன்ன ரப்பர் தரை கறுப்பாக, மெத்தென்று, தன் பாட்டுக்குக் கிடந்தது.

வெல்டர் திரும்பி வந்து திருகாணிகளில் ஸ்பானரைப் போட்டார்.

"ஏம்ப்பா," என்று குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "ரப்பர் தரை போட்டா பசங்களுக்குக் குளிர் விட்டுப்போய் வேணும்னே குதிப்பாங்கன்னு யாராவது சொன்னா நீ என்ன சொல்வ?"

"எவன் சார் சொன்னது? அறிவுகெட்டவன்! விழற பிள்ளை எப்படியும் விழும். அதுக்காகக் கல்லையா போட்டு வெப்போம்?" என்றார் வெல்டர். ஒரு திருகாணியைக் கழற்றிக் கையில் எடுத்தபிறகுதான் அவர் கை நின்றது. "சார்... நீங்க என்னைச் சொல்றீங்களா?"

"நான் யாரையும் சொல்லல. நீ கழட்டு."

கடைசித் துண்டு பிரிந்தது. ஊஞ்சலார் முதலில் கால்களாக, பிறகு தொப்பையாக, அப்புறம் முழு ஆளாக ரப்பர் தரையில் வந்து உட்கார்ந்தார், அந்தப் பொம்மையைப் போலவே. எதிரே பெஞ்சுகள் முழுக்க முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. நாடாவுக்கு அந்தப் பக்கம், வேலை முடிந்து வந்த மனைவி கைப்பையை அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"நல்லாக் கேட்டுச்சு," என்றார் மனைவி.

"எவ்வளவு கேட்டுச்சு?"

"கண்டக்டருக்கு இனிமே வேலையில்ல." அவர் கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். தட்டி முடிந்த பிறகும் கை தோளிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "வண்டி நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

ஊஞ்சலார் பெரியவளைப் பார்த்தார். மனைவி சொன்னது சரிதான். அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதுக்கு," என்றார்.

வெல்டர் பின்னாலிருந்து கேட்டார். "சார், சறுக்கு என்ன? பாஸா?"

"பாஸ். அந்தத் துண்டைத் திரும்ப மாட்டிட்டுப் பொம்மைய இன்னொரு தடவை விடு."

மறுநாள் காலை பள்ளியின் ஓவிய வகுப்பறையில் ஊசி போட்டார்கள். சுவரெல்லாம் காகிதத் தோணிகளும் கோணலான யானைகளும். வரிசையில் முந்தைய நாள் பூங்காவில் பார்த்த முகங்கள் சில இருந்தன. காதைப் பொத்தப் போன அம்மா அவரைக் கண்டதும் தலையசைத்து, "எங்க வீட்ல பேசற வேலை மிச்சம் சார்," என்றார். ஊஞ்சலார் அசடு வழிந்தார்.

மேசைக்குப் பின்னால் அதே நர்ஸ். ஊஞ்சலார் வலது சட்டைக் கையைத் தன்னையறியாமல் மடித்துவிடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டார்.

"சார், நீங்க இல்ல."

"பழக்கதோஷம், சிஸ்டர்."

"நான்தான் முதல்ல," என்றான் சின்னவன்.

"நான்தான் பெரியவ," என்று பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் கொஞ்சம் வெளிறிப்போய், அப்பா இருக்கும் பக்கம் திரும்பினாள்.

"வலிக்குமாப்பா?"

"வலிக்கும்," என்றார் அவர். "சுருக்குன்னு இருக்கும். அப்புறம் சாயங்காலம் கை கனமா இருக்கும். அவ்வளவுதான்னு சொல்றாங்க. நான் போட்டுப் பார்க்கல."

"சரி," என்றாள் அவள், அது போதும் என்பதுபோல.

நர்ஸ் பஞ்சை எடுத்தார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் முழங்கை உங்க மேல இடிக்குது."

ஒவ்வொரு சறுக்கின் கீழேயும் அவரே ஒரு பலகை வைத்திருக்கிறார்: குழந்தைகள் இறங்கும் இடத்தில் பெரியவர்கள் நிற்கக் கூடாது. ஊஞ்சலார் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். யானைப் படத்தில் முதுகு முட்டியதும் நின்றார்.

ஊசி போய், வந்தது. பெரியவளின் புருவம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. அவள் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு அறையில் இருந்த மற்றவர்களையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அப்பா, கைய இறக்கு. எல்லாரும் பார்க்கறாங்க."

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. சறுக்கில் வருகிற குழந்தையைப் பிடிக்கத் தயாராக நிற்பவர்போல, இரண்டு கைகளையும் முன்னால் விரித்து நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். குழாயில் மாட்டி நீலம் பாரித்த இடது கையும் சேர்ந்து நீண்டிருந்தது.

இறக்கினார். சின்னவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது அவை தாமாகவே மறுபடி எழுந்தன.